மணலில் புதையும் சின்ன மட்டிகள்: பினாங்குக் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து பெரிங்கியிலோ தஞ்சோங் பூங்காவிலோ அலை வந்து திரும்பும் இடத்தில் ஒரு பிடி ஈர மணலை அள்ளிப் பாருங்கள். சில நாட்களில் விரலிடுக்கில் வழவழவென்று ஏதோ நெருடும். கட்டைவிரல் நகம் அளவு, ஆப்பு வடிவம், மஞ்சளோ ஊதாவோ சாம்பலோ பூசிய ஓடு. கீழே வைத்தால் சற்று நேரம் சும்மா கிடக்கும். பிறகு எழுந்து நின்று மணலுக்குள் போய்விடும். மலாயில் இதை ரெமிஸ் என்கிறார்கள். விலங்கியலில் இதன் பேரினப் பெயர் டோனாக்ஸ். பிள்ளைகளைக் கூட்டிப் போகும் பெற்றோர், அறிவியல் ஆசிரியர்கள், சட்டியில் போடலாமா என்று யோசிப்பவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேராங், லாலா, ரெமிஸ் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. மூன்றும் இரட்டை ஓட்டு உயிர்கள் என்பதோடு உறவு நின்றுவிடுகிறது. சார் குவே தியாவ் என்ற வறுத்த நூடுல்ஸில் கிடக்கும் கேராங் சேற்றில் வாழ்வது. அதன் ஓட்டில் விசிறி மடிப்பு போலத் தடித்த வரிகள் இருக்கும், உடைத்தால் சிவப்பாக வடியும். நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அதனிடமும் இருப்பதே காரணம். ரெமிஸின் இரத்தத்துக்கு நிறமில்லை. லாலா மெல்லிய ஓடு கொண்டது, சேறு கலந்த மணலில் இருக்கும். ரெமிஸோ அலை அடித்துப் புரட்டும் திறந்த மணலிலேயே குடியிருக்கிறது. அதன் உடலமைப்பு முழுவதும் அந்தப் புரட்டலைத் தாங்குவதற்காகவே அமைந்தது.

இன்னொரு குழப்பமும் உண்டு. நம் கரைகளில் சட்டைப் பொத்தான் போல வட்டமாகப் பளபளக்கும் சிறு நத்தை ஒன்று கிடைக்கும். அதுவும் பல நிறங்களில் வரும். திருப்பிப் பாருங்கள்: ஒரே ஓடு சுருளாகச் சுற்றியிருந்தால் நத்தை, இரண்டு ஓடுகள் ஒரு பக்கம் பூட்டிக்கொண்டிருந்தால் மட்டி. மணல்மேல் மிளகு மிளகாக உருட்டி வைத்த குட்டி உருண்டைகளைப் பார்த்து அங்கே தோண்டாதீர்கள். அவை சிறு நண்டுகள் சலித்துத் துப்பிய மணல்.

எது தலைப்பக்கம், எது வால்பக்கம்?

தலையே இல்லை. ஆனால் முன், பின் உண்டு, பெரும்பாலானவர்கள் அதை மாற்றித்தான் சொல்கிறார்கள். ஓட்டின் உச்சியில் கூம்பியிருக்கும் முனை நடுவில் இருக்காது, ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். அந்த முனையிலிருந்து நீளமாகச் சரிந்து போகும் பக்கம் முன்பக்கம். கத்தியால் வெட்டினாற்போல் குட்டையாக நிற்கும் பக்கம் பின்பக்கம். உச்சிக்குப் பக்கத்தில் பழுப்பாகக் குட்டித் தோல்பட்டை போலத் தெரிவது ஓடுகளை இணைக்கும் நாண். அதுவும் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

மட்டி மணலில் சாய்வாக நிற்கும். முன்பக்கம் கீழே, பின்பக்கம் மேலே. மூச்சும் சாப்பாடும் பின்பக்கக் குழல்கள் வழியாகவே நடக்கும்.

ஓட்டுக்குள் என்னதான் இருக்கிறது?

செத்துத் திறந்த ஓட்டை முதலில் பாருங்கள். உள்புறம் வழவழப்பாக இருக்கும். இரு ஓரங்களிலும் மங்கலான இரண்டு வட்டத் தடங்கள் தெரியும். ஓட்டை இறுக்கி மூடும் இரண்டு தசைகள் ஒட்டியிருந்த இடங்கள் அவை. பல ரெமிஸ் வகைகளில் கீழ் விளிம்பை நகத்தால் வருடினால் அரம் போலச் சிறு பற்கள் தட்டும். மூடும்போது இரண்டு ஓடுகளும் வழுக்காமல் பற்றிக்கொள்ள அந்தப் பற்கள் உதவும்.

உயிருள்ளதில் ஓட்டை ஒட்டி ஒரு மெல்லிய சதைப் போர்வை இருக்கும். ஓட்டைச் சுரப்பது அதுதான். அதற்குள் இருபுறமும் செவுள்கள் தொங்கும், நடுவில் வயிறும் அதன் கீழே பாதமும். செவுள் மூச்சு விடுவதோடு, தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியைச் சலித்தும் எடுக்கும். சலித்ததை மயிரிழைகள் சளியோடு சேர்த்து வாய்க்கு நகர்த்தும். வாயருகே உள்ள இரண்டு இணை மடல்கள் மணலைப் பிரித்து ஒதுக்கிவிடும். வயிற்றில் கண்ணாடி போலத் தெளிவான ஜெல்லிக் குச்சி ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். அதன் நுனி கரைந்து, மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி வெளிவரும். இதயத்தின் வழியாகவே குடல் செல்கிறது. இதைச் சொன்னால் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள், ஆனால் இரட்டை ஓட்டு உயிர்கள் பலவற்றில் இதுவே வழக்கம்.

குழல்கள் இரண்டும் தனித்தனி. தண்ணீரை உள்ளே இழுக்கும் குழலின் வாயில் கிளைவிட்ட சிறு விரல்கள் வலை போல நின்று மணலைத் தடுக்கும். இந்த நுனியை மீன்கள் கடித்துத் தின்பதும் உண்டு. மட்டி சாகாது, நுனி மறுபடி வளரும்.

கையும் இல்லை, நகமும் இல்லை. எப்படித் தோண்டுகிறது?

மண்வெட்டி போல் அள்ளிப்போடுகிறது என்று நினைப்பது தவறு. இரண்டு நங்கூரங்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்குகிறது. ஒன்று ஓடு, இன்னொன்று பாதம். 1960களில் ட்ரூமன் என்ற விலங்கியலாளர் மட்டிகளின் உள்ளழுத்தத்தை அளந்து இந்த முறையை விளக்கினார்.

படுத்துக் கிடக்கும் மட்டி முதலில் ஓட்டைச் சற்றே திறக்கும். முன்பக்கத்திலிருந்து வெள்ளை நாக்கு போலப் பாதம் நீளும். நுனி தட்டையானது. அது மணலைத் துழாவிக் கீழே நுழையும். ஓரளவு பிடி கிடைத்ததும் ஒரே வெட்டில் ஓடு செங்குத்தாக எழும். பிள்ளைகள் "எழுந்து நிற்குது!" என்று கத்துவது இந்த இடத்தில்தான்.

பிறகு ஒரே சுற்று திரும்பத் திரும்ப நடக்கும். ஓடுகள் நாணின் விசையால் விரிந்து இருபக்க மணலை அழுத்திக்கொண்டு நிற்கின்றன. உடல் மேலே தள்ளப்படாமல் பாதம் கீழே துளைக்க இந்தப் பிடி போதும். பாதம் போதிய தூரம் போனதும் குழல்கள் மூடிக்கொள்ளும். உடனே மூடுதசைகள் ஓட்டைச் சடாரென்று இறுக்கும். அந்த ஓர் இறுக்கத்தில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. உள்ளே இருக்கும் இரத்தம் பாதத்துக்குத் தள்ளப்பட்டு அதன் நுனி வீங்குகிறது, அது கீழ் நங்கூரம். ஓடுகளுக்கு நடுவே இருந்த தண்ணீர் மேலே போக வழியில்லாமல் கீழ் விளிம்பில் பீறிட்டு, சுற்றியுள்ள மணலைக் கூழாக்குகிறது. மணல் இளகிய அந்த நொடியில் பாதத்தை ஓட்டோடு இணைக்கும் இழுதசைகள் சுருங்குகின்றன. முன்தசை முதலில், பின்தசை அடுத்து. அதனால்தான் ஓடு நேராக இறங்காமல் முன்னும் பின்னும் ஆடி ஆடி இறங்குகிறது. தசைகள் தளர, நாண் மறுபடி ஓட்டை விரிக்க, அடுத்த சுற்று தொடங்கும்.

சிறிய ரெமிஸ் இதைச் சில நொடிகளில் முடித்து மறைந்துவிடும். ஆழமாகவும் போகாது. குழல் குட்டை என்பதால் சில சென்டிமீட்டரிலேயே நின்றுவிடும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள்: ஓட்டைத் திறக்கத் தசை இல்லை. மூடத்தான் தசை. திறப்பது நாணின் விசை மட்டுமே. செத்த மட்டி வாய் பிளந்து கிடப்பதும், வெந்த மட்டி திறந்துகொள்வதும் இதனால்தான்.

சில இடத்தில் வைத்தால் புதையவே மாட்டேன் என்கிறது. ஏன்?

பெரும்பாலும் மட்டியின் மேல் குறையில்லை, மணலில்தான். தண்ணீர் வடிந்து இறுகிய மணலில் நடந்து பாருங்கள். மிதிக்கும் இடத்தைச் சுற்றி ஒரு கணம் வெளுத்து, உலர்ந்தது போலத் தெரியும். மிதித்ததில் மணல்துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நடுவே இடைவெளி கூடி, மேலிருந்த நீரை உள்ளே இழுத்துக்கொண்டன. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிவியலாளர் 1885இல் விளக்கிய இயல்பு இது. அப்படிப்பட்ட மணலை அசைக்க அசைக்க அது இறுகும், பாதம் நுழையாது. அலை இப்போதுதான் திரும்பிப் போய், மேற்பரப்பு கண்ணாடி போல மினுங்கும் மணலோ காலால் ஆட்டினால் குழைந்துவிடும். மட்டிக்கு வேண்டியது அந்த மணல். இரண்டடி தள்ளி ஈரத்தில் வைத்தாலே வேலை முடிந்தது.

மற்றக் காரணங்கள்: உடைந்த சிப்பியும் கல்லும் கலந்த சரளை மணல், உச்சி வெயிலில் சூடேறிய மணல், மழைக்குப் பிறகு நல்ல தண்ணீர் பரவிய ஆற்றுவாய். உப்புக் குறைந்தால் மட்டி ஓட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருக்கும். மற்றொன்று களைப்பு. பத்துப் பிள்ளைகள் மாறி மாறித் தோண்டியெடுத்த மட்டிக்கு அடுத்த முறை பலம் இருக்காது.

தோண்டுவதைப் பக்கவாட்டில் பார்க்க வழி உண்டா?

உண்டு, செலவே இல்லை. 1.5 லிட்டர் தெளிவான தண்ணீர்ப் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டிவிடுங்கள். வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் கை கிழியும். முதலில் கால் பங்கு கடல்நீர் ஊற்றுங்கள். பிறகு மட்டி கிடைத்த இடத்து மணலையே கை கையாக அந்த நீருக்குள் தூவி 8 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்புங்கள். மணலைப் போட்டுவிட்டு நீரை ஊற்றினால் உள்ளே காற்றுக்குமிழி சிக்கும், அந்த இடத்தில் மட்டி தடுமாறும். மணலுக்கு மேல் 4 சென்டிமீட்டர் நீர் நிற்கட்டும். ஒரு மட்டியைச் சுவரை ஒட்டிப் படுக்க வையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் பாட்டிலைத் தட்டவோ தூக்கவோ வேண்டாம். நிழல் விழுந்தாலே பல மட்டிகள் குழலை உள்ளிழுத்துக்கொள்ளும், ஆகவே மேலே குனிந்து பார்ப்பதைவிடப் பக்கத்திலிருந்து பார்ப்பது நல்லது.

பள்ளிக் குழுவாக இருந்தால் மூன்று பாட்டில்கள் வையுங்கள்: ஒன்றில் அதே மணல், ஒன்றில் சல்லடையில் சலித்த மெல்லிய மணல், ஒன்றில் கரடுமுரடான மணல். பாதம் நுழைந்த கணம் முதல் ஓடு மறையும் கணம் வரை கைப்பேசியில் நேரம் எடுங்கள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் வேறு மட்டி, ஏறக்குறைய ஒரே அளவு. ஒரே மட்டியை மூன்றிலும் போட்டால் மணலின் வேறுபாட்டை அளக்க மாட்டீர்கள், அதன் களைப்பைத்தான் அளப்பீர்கள்.

பாட்டில் நிழலில் இருக்க வேண்டும். வெயிலில் அந்தச் சிறிது நீர் விரைவாகச் சூடேறிவிடும். அரை மணி நேரத்தில் மட்டிகளை விட்டுவிடுங்கள். நீட்டிய பாதத்தைப் பிடித்து இழுக்கவே கூடாது, இழுதசை அறுந்தால் அது பிழைக்காது. கடலுக்குள் வீசியும் எறிய வேண்டாம். அலை திரும்பிய ஈர மணலில் படுக்க வைத்து, அது இறங்கும் வரை நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

அலையோடு சேர்ந்து கரையேறி இறங்குமாமே, உண்மையா?

ரெமிஸ் குடும்பத்தில் சில வகைகள் அப்படிச் செய்கின்றன. எல்லாமும் இல்லை. கடல் ஏறும்போது மணலிலிருந்து வெளியே வந்து, அலையின் நுரையில் உருண்டு மேலே போய், நீர் திரும்புமுன் மறுபடி புதைந்துகொள்ளும். இறங்கும்போது திரும்பும் நீரில் கீழே வரும். இப்படி எப்போதும் அலை புரளும் பட்டையிலேயே இருக்க முடிகிறது. உணவு அங்கே அதிகம், ஆழத்து மீன்களுக்கும் எட்டாது.

வெளியே வரும் விதம் எளிது: பாதத்தைக் கீழே ஊன்றி உந்தினால் ஓடு மேலே எகிறும். எந்த அலையில் எகிறுவது என்பதில்தான் வியப்பு. அமெரிக்கக் கிழக்குக் கரையின் டோனாக்ஸ் வேரியாபிலிஸ் வகையை ஆராய்ந்து ஓலஃப் எல்லர்ஸ் 1995இல் எழுதியவற்றின்படி, அந்த மட்டி மணல் வழியே வரும் அலையின் ஒலியை உணர்ந்து பெரிய அலைகளுக்கு மட்டும் எகிறுகிறது. கண்ணும் காதும் இல்லாத ஓர் உயிர் சின்ன அலையையும் பெரிய அலையையும் தரம் பிரிக்கிறது!

எந்த நாள், எந்த நேரம் போனால் கிடைக்கும்?

வீட்டு நாள்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாட்களில் கடல் அதிகம் ஏறி அதிகம் வற்றும். பினாங்கில் அப்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறத்தாழ 2 மீட்டர் வேறுபாடு இருக்கும். அஷ்டமி, நவமி பக்கம் போனால் கடல் அவ்வளவாக அசையாது, பார்க்கக் கிடைக்கும் மணல் குறுகிவிடும். மாசி மகத்துக்குத் தெலுக் பகாங் கரையில் கூடுபவர்கள் மணல் விரிந்து கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். மகம் பௌர்ணமியை ஒட்டி வருவதே அதற்குக் காரணம்.

ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 7.00க்கு முழு வற்றம் என்றால் நாளை 7.50 அளவில். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், இறங்கும் நீரைத் தொடர்ந்து நடங்கள். நீர் திரும்பி ஏறத் தொடங்கியதும் பிள்ளைகளை மேலே வரச் சொல்லுங்கள். வடகரையில் ஜெல்லிமீன் வருவதால் முழங்கால் தண்ணீருக்குள் வெறுங்காலோடு இறங்க விடாதீர்கள். கர்னி டிரைவ் பக்கம் தேட வேண்டாம், அங்கே இருப்பது சேறு.

ஓட்டில் ஊசி குத்தினாற்போல் வட்டத் துளை. யார் போட்டது?

மட்டியைத் தின்னும் நிலா நத்தை. பூதக்கண்ணாடியில் பாருங்கள். துளையின் வெளிவாய் அகலம், உள்வாய் குறுகல். தச்சர் திருகாணியின் தலை அமிழ்வதற்காகக் குடைந்த குழி போலவே இருக்கும். பெரும்பாலும் உச்சிமுனைக்கு அருகில் இருக்கும். நத்தை மணலுக்குள்ளேயே மட்டியைப் பாதத்தால் சுற்றிப் பிடித்து, அமிலச் சுரப்பால் ஓட்டை இளக்கி, அரம்போன்ற நாக்கால் சுரண்டும். மறுபடி இளக்கும், மறுபடி சுரண்டும். ஒரு துளைக்குப் பல மணி நேரம் ஆகும். கரையில் சட்டைக் காலர் போல வளைந்து, மணலும் சளியும் கலந்த பட்டை கிடந்தால் குப்பை என்று மிதிக்காதீர்கள். அது அந்த நத்தையின் முட்டைகள்.

ஒவ்வொன்றும் ஒரு நிறம். வேறு வேறு இனமா?

நிறத்தை வைத்து இனம் பிரிக்க முடியாது. ஒரே இனத்தில் வெள்ளை, மஞ்சள், ஊதா, கோடு போட்டது எல்லாம் வரும். வடிவம், ஓடுகள் பூட்டிக்கொள்ளும் இடத்துப் பற்கள், விளிம்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

குஞ்சு எங்கே இருக்கும்?

ஆணும் பெண்ணும் பெரும்பாலும் தனித்தனி, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. முட்டையும் விந்தும் கடலில் விடப்பட்டு அங்கேயே கருவாகும். குஞ்சு சில வாரங்கள் மிதவையாக அலைந்து, பிறகு மணலில் இறங்கும். ஆகவே ஒரு கரையில் வாரி எடுத்துவிட்டால் மறுபடி நிரம்புவது அந்த ஆண்டு நீரோட்டம் கொண்டுவருவதைப் பொறுத்தது.

சமைத்துச் சாப்பிடலாமா?

சாப்பிடும் உயிர்தான். சிலாங்கூரிலும் பேராக்கிலும் பந்தாய் ரெமிஸ் (ரெமிஸ் கடற்கரை) என்று ஊர்ப் பெயரே இருக்கிறது. ஆனால் பினாங்கு வடகரையில் பொழுதுபோக்குக்கு அள்ளியதைச் சமைக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மட்டி தண்ணீரைச் சலித்து வாழ்வது. கால்வாயும் ஆறும் விழும் இடத்தில் அதில் இருக்கும் கிருமியெல்லாம் மட்டியின் வயிற்றில் சேரும். மழைக்குப் பிறகு இன்னும் மோசம். நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும். ஆனால் சில நுண்பாசிகளின் நரம்பு நச்சு வெப்பத்துக்கு அழியாது, நிறமும் மணமும் காட்டிக்கொடுக்காது. மலேசியாவில் சபாவில் 1976லும், கிளந்தானின் தும்பாட்டில் 2001லும் மட்டி வகைகளைத் தின்று இந்த நச்சுக்கு ஆளானவர்கள் உண்டு. சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடும் நாக்கும் விறுவிறுத்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், மூச்சுத்தசை தளரக்கூடும். 999ஐ அழையுங்கள்.

சந்தையில் வாங்கியது என்றால் மணல் கக்க வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் உப்பு, அதாவது கடல்நீர் அளவு. அகலமான பாத்திரத்தில் ஒரே அடுக்காகச் சல்லடைத் தட்டில் வைத்து அமிழ்த்துங்கள். அடியில் விழும் மணலை மறுபடி உறிஞ்சாமலிருக்கத்தான் தட்டு. மூன்று நான்கு மணி நேரம், நடுவே ஒருமுறை நீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் போட்டால் வாயைத் திறக்காது, மணல் உள்ளேயே இருக்கும். மிளகாய் நறுக்கிப் போடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. உப்பு சரியில்லை என்றால் மிளகாயால் ஒன்றும் ஆகாது. வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள், மூடாவிட்டால் வீசிவிடுங்கள். கொதிநீரில் ஓடு திறந்த பிறகும் 3 முதல் 5 நிமிடம் வேகட்டும்.

எங்கு வேண்டுமானாலும் எடுக்கலாமா?

பினாங்குத் தேசியப் பூங்காவுக்குள் கூடாது. தெலுக் பகாங்கில் தொடங்கும் அந்தப் பகுதி 2003இல் தேசியப் பூங்காவானது. அங்கே உயிருள்ளது எதையும் அனுமதியின்றி எடுக்கக் கூடாது. பூங்காவுக்குள் இருக்கும் பந்தாய் கெராச்சுட் கரைக்குப் போகிறவர்கள் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

பிள்ளை விடமாட்டேன் என்கிறான். வீட்டு மீன்தொட்டியில் வளர்க்கலாமா?

நல்ல தண்ணீர்த் தொட்டியில் போட்டால் செத்துவிடும். உப்புநீர்த் தொட்டியிலும் பெரும்பாலும் பட்டினியில் போகும். அலை நிற்காமல் கொண்டுவரும் நுண்பாசியை வீட்டில் கொடுக்க முடியாது, மீன் தீவனத்தை அது தின்னாது. மணலுக்குள்ளேயே செத்தால் கண்ணுக்குத் தெரியாது. நீர் கலங்கி நாறிய பிறகே தெரியவரும், அதற்குள் மீன்களும் மூச்சுத் திணறும். பையனுக்கு வெற்று ஓடு இரண்டைக் கொடுங்கள், நிலா நத்தையின் துளை இருப்பதாகப் பார்த்து ஒன்று. உயிருள்ளதை அவன் கையாலேயே ஈர மணலில் வைக்கச் சொல்லுங்கள். பாதம் வெளியே வரும் வரை அவனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், கை நிழல் விழாமல்.